ஒரே பாஸ்புக்கில் இரண்டு கணக்கு

2025 ஜூலை மாதம் பெங்களூர்க் கடைவீதிகளில் ஒரு விநோதம் நடந்தது. கம்ப்யூட்டர் தலைநகரம் என்று பெருமை பேசும் ஊரில் பேக்கரிகளும் டீக்கடைகளும் காய்கறி வண்டிகளும் கட்டம் போட்ட க்யூ.ஆர். அட்டைகளைக் கழற்றி உள்ளே வைத்தன. அவை இருந்த இடத்தில் 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்று கையால் எழுதிய காகிதங்கள் தொங்கின. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு ரூ. 40 லட்சம், சேவை செய்பவருக்கு ரூ. 20 லட்சம். இந்த வரம்பைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டும். கர்நாடக வணிகவரித் துறை 2021-22 முதலான யு.பி.ஐ. வரவுகளைத் திரட்டி, வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாதவர்கள் என்று தான் கருதிய ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் கேட்கப்பட்ட தொகை ரூ. 29 லட்சம்.

வியாபாரிகள் கொதித்தார்கள். ஜூலை 23, 24 தேதிகளில் பல கடைகளில் பால் விற்பனை நின்றது. 25ஆம் தேதி முழுக் கடையடைப்பு என்ற அறிவிப்பு, முதல்வர் சித்தராமையா கூட்டிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அந்த இரண்டு வாரங்களில் கடைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பதில் கவனிக்கத்தக்கது. அந்தக் கணக்கில் விழுந்ததெல்லாம் வியாபாரப் பணம் அல்ல. நண்பர் கொடுத்த கைமாற்று, உறவினர் அனுப்பிய தொகை, வீட்டுப் பணம் எல்லாம் அதே எண்ணுக்குத்தான் வந்தன என்றார்கள். பெரும்பாலோர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எது எந்தப் பணம் என்று காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை.

நோட்டீஸ் எதுவும் வராமலேயே அந்த வாரம் தூக்கம் கெட்டவர்களில் அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு மாடி வீட்டில் வசிக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் உண்டு. தொழில், யூட்யூபில் சமையல். கோலார் பக்கத்து அப்பள வகைகள், சேலத்துத் தட்டுவடை, பாட்டி காலத்துப் பத்தியச் சமையல். ஆறு ஆண்டுகளாகத் தமிழில் பேசி, சமைத்து, படம்பிடித்து வருகிறார். 'கன்டென்ட் கிரியேட்டர்' என்பது ஊர் வைத்த பெயர். வீட்டில் மாமியார் அதை "வீடியோ வேலை" என்பார். வேலை என்று அவர் சேர்த்துச் சொல்லத் தொடங்கியதே, மகனுக்கு வேலை போன பிறகுதான்.

கணவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் இருந்தவர். 2024ன் பிற்பகுதியில் நடந்த ஆட்குறைப்பில் அவர் பெயரும் இருந்தது. அதுவரை அவர் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை. மனைவியின் வருமானத்தில் தங்கக் காசு, ஃப்ரிட்ஜ், ஊருக்கு விமான டிக்கெட். ஒருவர் பணம் சோறு, மற்றவர் பணம் பாயசம் என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம் அது. ஒரே மாதத்தில் பாயசமே சோறாக வேண்டியதாயிற்று.

பால் கடையில் அட்டை கழன்ற அன்று இரவு கணவர் ஒரு காரியம் செய்தார். மனைவியின் சேமிப்புக் கணக்கின் 2024-25ஆம் ஆண்டு அறிக்கையைப் பதிவிறக்கம் செய்து வரவுகளைக் கூட்டினார். ரூ. 31 லட்சம் சொச்சம்.

"இவ்வளவா நான் சம்பாதிச்சேன்?" என்றார் மனைவி.

இல்லை. அதில் கணவருக்கு நிறுவனம் கொடுத்தனுப்பிய ரூ. 7 லட்சம் இருந்தது. சீட்டு எடுத்த ரூ. 3 லட்சம் இருந்தது. தாயின் மூட்டு அறுவை சிகிச்சைக்காகத் தம்பி அனுப்பிய ரூ. 4 லட்சம் இருந்தது. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 17 லட்சம். ஆனால் அதுவும் சரியான தொகை அல்ல. விளம்பர நிறுவனங்கள் 10 சதவிகித டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருந்தன, பிடித்த ரூ. 92,000 பாஸ்புக்குக்கு வராமலேயே அவருடைய வருமானம். பணத்துக்குப் பதிலாக வந்த பாத்திரங்களும் அடுப்பும் ரூ. 1 லட்சத்துக்கு மேல் பெறும்; அவையும் பாஸ்புக்கில் இல்லை. கணக்கு ஒரு பக்கம் அவரைப் பெரிய பணக்காரியாகக் காட்டியது, இன்னொரு பக்கம் உண்மையைவிட ஏழையாகக் காட்டியது. தொழிலின் நிஜமான விற்றுவரவு ஏறத்தாழ ரூ. 19 லட்சம். இருபதுக்கு ஒரு லட்சம்தான் குறைவு. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க இருவருக்கும் நான்கு இரவுகள் ஆயின.

இந்தத் தொழிலின் வரவு எப்படிப்பட்டது என்பது மாதச் சம்பளக்காரர்களுக்குச் சுலபத்தில் புரிவதில்லை. நீள வீடியோக்களில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவிகிதத்தை யூட்யூப் தயாரிப்பவருக்குக் கொடுக்கிறது. குறும்படங்களான ஷார்ட்ஸுக்கு 45 சதவிகிதம். ஒரு மாதத்துக் கணக்கு அடுத்த மாதம் முடிவாகி, 21ஆம் தேதிக்கும் 26க்கும் இடையில் பணம் அனுப்பப்படும். கணக்கு டாலரில், கைக்கு வரும் ரூபாய் அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்தது. தீபாவளியை ஒட்டி விளம்பரதாரர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஜனவரி பிறந்தால் கையை மடக்கிக்கொள்கிறார்கள். அதே எண்ணிக்கையில் ஆட்கள் பார்த்தாலும் அக்டோபரில் வந்ததில் பாதிகூட ஜனவரியில் வராமல் போகலாம். பொங்கலுக்கு வீட்டில் செலவு அதிகம் என்பது கூகுளுக்குத் தெரியாது.

உண்மையில் இது உழவர்கள் நன்றாக அறிந்த வாழ்க்கை. அறுவடைக்கும் அறுவடைக்கும் நடுவே குதிரில் இருப்பதுதான் சோறு. தமிழ் யூட்யூபின் மிகப் பெரிய வெற்றிக் கதை புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தது தற்செயல் அல்ல என்று தோன்றுகிறது. 2018ல் வயல்வெளியில் அடுப்பு மூட்டிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' சகோதரர்களும் அவர்களுடைய தாத்தாவும் 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டினார்கள். அந்தக் கையோடு முதல்வரின் நிவாரண நிதிக்கு ரூ. 10 லட்சம் கொடுத்தார்கள். நல்ல விளைச்சலில் கொஞ்சம் ஊருக்கு எடுத்துவைப்பது கிராமத்துப் பழக்கம். அல்சூரில் குதிர் வைக்க இடமில்லை. ஐந்து ஆண்டுகளாக நல்ல மாதத்துப் பணம் நல்ல மாதத்திலேயே தீர்ந்துகொண்டிருந்தது.

மல்லேஸ்வரத்தில் ஒரு வயதான தமிழ் ஆடிட்டர். மஞ்சள் பையில் இருந்த காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்ட கேள்வி வரியைப் பற்றியதே அல்ல. "உங்க சேனல் உங்களுக்கு மாசம் எவ்வளவு சம்பளம் தருதும்மா?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. தொழில் வேறு, தான் வேறு என்று அவர் நினைத்ததே கிடையாது. ஆடிட்டர் பழைய கதை ஒன்று சொன்னார். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த செட்டிநாட்டு வீடுகளில் பேரேடு எழுதியபோது முதலாளி தன் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணத்தையும் பற்று எழுதித்தான் எடுப்பார். கடை அவருடையதுதான். இருந்தாலும் கடைக்கு அவர் கடன்பட்டவர். ஐந்தொகையில் அது தெரியும். "இன்னிக்கு போன்ல ஒரு விரல் தட்டினா போதும், பற்று எழுதாமலே எடுக்கலாம். வசதிதான் கெடுத்துச்சு" என்றார்.

அதன்பின் செய்தவை அதிசயமான காரியங்கள் அல்ல. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, அந்தச் சான்றையும் வைத்துத் தொழிலின் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு. கூகுள், விளம்பரம், கமிஷன் எது வந்தாலும் அதில்தான். இரண்டாவது கணக்கு வரிக்கு. எந்தத் தொகை வந்தாலும் அன்றே அதில் 20 சதவிகிதம் அங்கே போய்விடும். மூன்றாவது, பழைய சேமிப்புக் கணக்கு. அது இனி வீடு. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி தொழிலிலிருந்து வீட்டுக்கு ரூ. 60,000. அக்டோபரில் எவ்வளவு வந்தாலும் அறுபதுதான், ஜனவரியில் எவ்வளவு குறைந்தாலும் அறுபதுதான். ஆறு மாதச் சம்பளம், அதாவது ரூ. 3.6 லட்சம், தொழில் கணக்கில் சேரும்வரை புதிய கேமரா கிடையாது.

இரண்டாவது கணக்கைப் பற்றி மாமியாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உலையில் போடும் முன்பு ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்ட பிடியரிசிக்காரர் அவர். விருதுநகர், சிவகாசி வணிகர்கள் லாபம் பார்ப்பதற்கு முன்பே மகமை எடுத்துவைத்துப் பள்ளிக்கூடங்கள் கட்டிய கதையையும் கேட்டவர். முதலில் எடுத்துவைத்தால்தான் எடுத்துவைக்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படித்த மகனுக்குத்தான் அறுபதாயிரம் என்ற எண் தொண்டையில் சிக்கியது. அது அவர் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் இப்போது மனைவி தருகிறார்.

டி.டி.எஸ். என்பது வரியைப் பற்றி இந்தத் தொழிலில் இருப்பவர்களை ஏமாற்றும் ஒரு மாயை. பத்து சதவிகிதம் பிடித்துவிட்டார்களே, அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். விளம்பரதாரர் பிடிப்பது முன்பணம் மாதிரி. கூகுளிலிருந்து வரும் பணத்துக்கு இந்தியாவில் பிடித்தமே கிடையாது. வரி அங்கேதான் சத்தமில்லாமல் சேர்கிறது. பிடித்தம் போக ஆண்டுக்கு ரூ. 10,000க்கு மேல் வரி வரும் என்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதிக்குள் தவணையாகக் கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு ஒரு சதவிகித வட்டி. வட்டி சிறியதுதான். ஆனால் கடைசியில் மொத்த வரியையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டி வரும்போது பணம் எப்போதோ ஃப்ரிட்ஜாக மாறியிருக்கும்.

அமெரிக்காவும் ஒரு கை பார்க்கிறது. நியூஜெர்சியில் ஒரு தமிழ்க் குடும்பம் வத்தக்குழம்பு வீடியோ பார்த்தால், அதில் ஓடிய விளம்பரத்தின் பங்கிலிருந்து 15 சதவிகிதத்தை அமெரிக்க வரியாக கூகுள் பிடிக்கிறது. 2021 ஜூன் முதல் இந்த நடைமுறை. இரு நாட்டு ஒப்பந்தப்படி அதை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்குத் தனிப் படிவம் ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். நான்கு ஆண்டுகளாக அவர் அதைத் தாக்கல் செய்யவில்லை. அப்படி ஒரு படிவம் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இலவசமாக வரும் பொருளின் கதை இன்னும் சுவையானது. 2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாகக் கொடுக்கப்படும் அன்பளிப்பு ஆண்டுக்கு ரூ. 20,000க்கு மேல் போனால் கொடுப்பவர் 10 சதவிகித வரிக்குப் பொறுப்பேற்க வேண்டும். இணையப் பிரபலங்களுக்கு அனுப்பப்படும் கார், செல்போன், துணிமணி, அழகுசாதனங்களை நேரடி வரிகள் வாரியமே தன் விளக்கத்தில் உதாரணமாகச் சொன்னது. படம்பிடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் வரி இல்லை, வைத்துக்கொண்டால் உண்டு. ஒரு நிறுவனம் ரூ. 46,000 பெறும் அடுப்பும் பாத்திரங்களும் அனுப்பிவிட்டு, ரூ. 4,600 வரி கட்டிய ரசீதை அனுப்பச் சொன்னது. பொருளில் பத்து சதவிகிதத்தை வெட்டி எடுக்க முடியாதே! இலவச அடுப்புக்குக் கைப்பணம் கட்டிய அன்று முதல், கொரியர் பையன் மணி அடித்தால் அந்த வீட்டில் யாரும் ஓடுவதில்லை.

2025ல் வெளியான வருமான வரிப் படிவங்களில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்று 16021 என்று ஒரு தொழில் எண்ணே வந்துவிட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டம், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களையெல்லாம் மாற்றி, 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாக வைத்தது. எண்களை மனப்பாடம் செய்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். தொழில் செய்கிறவர் தொழில் கணக்கு எழுத வேண்டும் என்ற அடிப்படை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பரில் உண்மையான சோதனை வந்தது. தீபாவளிக்கு ஒரு நெய் நிறுவனம் மூன்று வீடியோக்களுக்கு ரூ. 2.5 லட்சம் பேசியது. ஒப்புக்கொண்டால் அந்த நிதியாண்டின் விற்றுவரவு நிச்சயம் 20 லட்சத்தைத் தாண்டும். விளம்பரத்துக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி., மாதந்தோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம். "இந்த ஒண்ணை வேண்டாம்னு சொல்லிட்டா என்ன?" என்று கேட்டார் மனைவி. கடை முன்னால் அட்டையைக் கழற்றிய பால்காரரின் யோசனையும் இதுதான். வளராமல் இருந்தால் வம்பில்லை. இந்த நாட்டில் எத்தனையோ சிறுதொழில்கள் ஏதோ ஒரு வரம்புக்கு ஓரடி கீழே ஆண்டுக்கணக்கில் குனிந்து நிற்கின்றன.

கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். பெரிய நிறுவனங்களுக்கு 18 சதவிகிதம் பாரமே அல்ல. கட்டியதைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள். கூகுள் வெளிநாட்டிலிருந்து தருவது ஏற்றுமதி வருமானம். ஆண்டுதோறும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டால் அதற்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது மட்டும் அதுவும் சேரும். பணத்துக்குப் பதிலாக வரும் பண்டமும் சேரும். கேமரா, லைட், எடிட்டிங் மென்பொருள் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கலாம். இடிப்பது ஓசூர் ஊறுகாய்க்காரர் போன்ற பதிவு பெறாத சின்ன வியாபாரிகளிடம்தான். அவருக்கு 10,000 ரூபாய் வீடியோ 11,800 ஆகிவிடும், கழித்துக்கொள்ள வழியில்லை. முதன்முதலில் விளம்பரம் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு மட்டும் வரியையும் உள்ளடக்கிப் பழைய விலையே என்று முடிவாயிற்று. பதிவு செய்தார்கள். நெய்யும் விற்றது.

வர வேண்டிய பணம் வராமல் இருப்பது தனி வியாதி. ஓர் ஆயத்த மசாலா நிறுவனம், பெயர் வேண்டாம், ரூ. 1.4 லட்சத்தை ஏழு மாதமாக இழுத்தது. "பேமென்ட் ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்று ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் குரல். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் இந்த விஷயத்தில் கறாரானது. பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இன்னொரு பிடியும் சேர்ந்தது: கெடுவுக்குள் தராத தொகையை, தரும்வரை, வாங்கியவர் தன் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. இதெல்லாம் பதிவுக்குப் பிறகு செய்த வேலைக்குத்தான். மசாலா பில் அதற்கு முந்தியது. அது எட்டாம் மாதம், பத்தாயிரம் குறைத்துக்கொண்டு, கெஞ்சித்தான் வந்தது. இப்போது அனுப்பும் ஒவ்வொரு பில்லின் தலையிலும் உத்யம் எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பாதிப் பணம் முன்பாக வராமல் அடுப்பு பற்றவைப்பதில்லை.

வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய கணக்குதான் எல்லாவற்றிலும் சிரமம். வேலை போனதிலிருந்து எடிட்டிங், பில், கடிதப் போக்குவரத்து எல்லாம் கணவர் கையில். அவருக்குச் சம்பளம் தரலாமே என்றார் மனைவி. கணவரும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார், கேட்கத்தான் கூச்சம். சட்டம் இதிலும் மூக்கை நுழைக்கிறது. தன் தொழிலிலிருந்து கணவனுக்கோ மனைவிக்கோ தரும் சம்பளம், அவருக்கு அந்த வேலைக்கான தொழில்நுட்பத் தகுதி இருந்து அதற்காகவே தரப்பட்டாலொழிய, தருபவரின் வருமானத்தோடுதான் சேரும். இத்தனை ஆண்டு மென்பொருள் எழுதியவருக்குத் தகுதி இல்லையா? "இருக்கு சார். ஆனா என்ன வேலை, எத்தனை மணி நேரம், வெளியாள்னா எவ்வளவு கேட்பான், எல்லாம் எழுதி வையுங்க" என்றார் ஆடிட்டர். கணவன், மனைவிக்கு எழுதிக்கொடுத்த வேலை ஒப்பந்தம் ஒரு பக்கம். கையெழுத்துப் போடும்போது இருவரும் சிரிக்கவில்லை. மாதம் ரூ. 25,000. வீட்டுக்குப் போகும் அறுபது இப்போது இரண்டு பெயர்களில் போகிறது. மொத்தம் மாறவில்லை. ஆனால் அந்த மாதம் மளிகைக் கடைக்குப் பல நாளைக்குப் பிறகு அவரே போய்வந்தார்.

மகளுக்கு ஒன்பது வயது. எல்லா வீடியோவிலும் கடைசியில் ருசி பார்த்து "சூப்பர்ம்மா" என்பவள் அவள்தான். பின்னூட்டங்களில் பாதி அவளைப் பற்றியவை. மைனர் குழந்தையின் வருமானம் பெற்றோரோடு சேரும், ஆனால் குழந்தை தன் திறமையால் சம்பாதித்தது சேராது என்கிறது சட்டம். "சூப்பர்ம்மா" திறமையா என்று ஆடிட்டரிடம் கேட்டதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டம் கிடக்கட்டும், அவள் பங்கு எங்கே என்ற கேள்வி தாயை விடவில்லை. பத்து வயது நிறைவதற்குள் தொடங்க வேண்டிய செல்வமகள் சேமிப்புக் கணக்கை அக்டோபரில் தொடங்கினார். மாதம் ரூ. 5,000, தொழில் கணக்கிலிருந்து அல்ல, தன் சம்பளத்திலிருந்து. வாரம் ஒரு வீடியோவுக்கு மேல் அவளை அழைப்பதில்லை, பரீட்சை மாதங்களில் அதுவும் இல்லை என்றும் முடிவு செய்தார். பார்வையாளர் எண்ணிக்கை சற்றே குறைந்தது. அந்தக் குறைவுக்கும் பேரேட்டில் ஒரு வரி இருந்தால் நன்றாயிருக்கும்.

இவ்வளவு கட்டிய பிறகும் தரை வேறொருவருடையது என்பது மாறாது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது ஒரே இரவில் எத்தனையோ பேருடைய கடை காணாமல் போயிற்று. பெங்களூரில் பிறந்த 'கூ' 2024 ஜூலையில் மூடப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்ததோடு, அவற்றை விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, ரூ. 50 லட்சம்வரை அபராதம் என்றது. கிரிக்கெட், ரம்மி விளம்பரங்களை நம்பியே வண்டி ஓட்டிய சேனல்காரர்களுக்கு அந்த வாரம் வருமானமே நின்றது. சமையல் சேனலுக்கும் முந்தைய ஆண்டு ரம்மிக்காரர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள், நெய்க்காரர் தந்ததைப் போல இரண்டு மடங்கு தருவதாக. மாமியார் அடுப்படியில் சீட்டாட்டமா என்று கேட்டதால் அது நடக்கவில்லை.

கலைஞர்கள் பணத்தைத் தொலைத்த கதைகள் தமிழில் ஏராளம். சாவித்திரி 1971ல் 'பிராப்தம்' படத்தைத் தானே தயாரித்து, தானே இயக்கி, பெரும் நஷ்டத்தில் முடிந்தது அவற்றில் ஒன்று. ஊரே அவரைத் தாராள மனசுக்காரி என்று புகழ்ந்தது. வீடு எது, படம் எது என்று பிரித்துச் சொல்ல அவர் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருக்கலாம்.

நவம்பரில் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார்கள். ஓசூர் சாலையை ஒட்டி ஒரு சின்ன ஃப்ளாட் பார்த்துவைத்திருந்தார்கள். விண்ணப்பத்தில் 'வேலை தரும் நிறுவனம்' என்ற இடத்தை அதிகாரி தானே அடித்துவிட்டு மூன்று ஆண்டு வரிக் கணக்கைக் கேட்டார். பழைய ஆண்டுகளில் வருமானத்தைக் குறைத்து எழுதி டி.டி.எஸ்.ஸைத் திரும்ப வாங்கியபோது சாமர்த்தியமாகத் தோன்றியது. வங்கிக்கு அந்தக் குறைந்த லாபம்தான் தகுதி. கேட்டதில் பாதிகூடத் தர முடியாது என்றார்கள். இன்னும் இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கணக்குக் காட்டிவிட்டு வரச் சொன்னார் அதிகாரி, மரியாதையாகத்தான். பழைய கணக்குகளை ஆடிட்டர் திருத்தித் தாக்கல் செய்துகொண்டிருக்கிறார். கூடுதல் வரியும் வட்டியும் இரண்டாவது கணக்கிலிருந்து போயிற்று. ஃப்ளாட்டுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடாகியது. கணவரின் நிறுவனம் தந்த பாதுகாப்பு வேலையோடு போய்விட்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம்.

2026 ஜனவரியில் எதிர்பார்த்தபடியே கூகுள் பணம் சரிந்தது. டிசம்பரில் வந்ததில் பாதிக்குச் சற்று மேல். விளம்பரம் ஒன்றே ஒன்று, அதுவும் முன்பணம் வராததால் தள்ளிப்போடப்பட்டது. தொழில் கணக்கில் நான்கு மாதச் சம்பளம் இருந்தது; ஆறு ஆகவில்லை. பிப்ரவரி 1ஆம் தேதி காலையில் வீட்டுக்கு அறுபது போயிற்று. மார்ச் 15ஆம் தேதித் தவணைக்கு வரிக் கணக்கில் பணம் இருக்கிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம். படம்பிடிக்கும் மேஜைக்கு மேலே இருக்கும் லைட் ஒன்று அணைந்து அணைந்து எரிகிறது. அதை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்.